துடைப்பத்தை எடுக்கும் முன்: கிட் ரெப்போவில் தொலைந்ததை மீட்பதும் குப்பையைக் கூட்டுவதும்



போன செமஸ்டர், செயல்திட்டத்தைக் காட்டும் நாளுக்கு முந்தின இரவு. மணி ரெண்டு. எங்கள் குழுவின் ரெப்போ பார்க்கவே அசிங்கமா இருந்தது. 19 கிளைகள், 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர்கள். காலையில் விரிவுரையாளர் திறந்து பார்ப்பார், அதற்குள் சுத்தம் பண்ணிடலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில், என் குழுத் தோழியின் இரண்டு வார உழைப்பைத் துடைத்துப் போட்டுவிட்டேன்.

அந்த இரவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறேன். நம் இளைஞர்களில் கணினி, பொறியியல் படிக்கிறவர்கள் நிறைய பேர். எல்லாரும் கிட் பயன்படுத்துகிறோம். ஆனால் ஆட், கமிட், புஷ் என்ற மூன்று கட்டளைகளோடு நிறுத்திவிடுகிறோம். நான்காவது கட்டளை தேவைப்படுவது பெரும்பாலும் நடுராத்திரியில்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அதே சொற்களை ஆங்கிலத்தில் அடியுங்கள்.

நான் செய்த தவறு

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதை மனத்தில் வைத்து, வாய்க்காலில் நீர் ஏறும்போது முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு சின்ன கருவியை எங்கள் நால்வர் குழு செய்தது. கருவி காட்டும் அளவு சரிதானா என்று ஒப்பிட்டுத் திருத்துகிற பகுதி தோழியின் பொறுப்பு. நான்கு மாலைகள் வாய்க்கால் ஓரமாக நின்று, அளவுகோலால் அளந்து அளந்து எழுதியவர் அவர். அவருடைய மடிக்கணினி பழுது பார்க்கும் கடையில் இருந்ததால், என் மடிக்கணினியில்தான் எழுதினார். தனிக் கிளை, 11 கமிட். எதையும் இன்னும் புஷ் பண்ணவில்லை.

நான் செய்தது இது:

1. 'கிட் செக்அவுட் மெயின்' என்று முதன்மைக் கிளைக்குப் போனேன்.
2. 'கிட் ரீசெட் --ஹார்ட் ஆரிஜின்/மெயின்' என்று அடித்தேன். கமிட் ஆகாத மாற்றமெல்லாம் போனது.
3. 'கிட் கிளீன் -எஃப்டி' என்று அடித்தேன். கிட்டில் சேர்க்காத கோப்புகள் எல்லாம் போயின.
4. 'கிட் பிராஞ்ச் -டி' என்று கிளைகளை வரிசையாக வெட்டினேன்.

நான்காவதில் ஒரு விஷயம் கவனியுங்கள். முதலில் சின்ன எழுத்து 'டி'யைத்தான் போட்டேன். தோழியின் கிளைக்கு வந்தபோது, "இந்தக் கிளை இன்னும் முழுசா இணைக்கப்படவில்லை" என்று கிட் மறுத்தது. எச்சரிக்கை சரியாகத்தான் வந்தது. தூக்கக் கலக்கத்தில் நான் பெரிய எழுத்து 'டி' போட்டு அதன் வாயை அடைத்தேன். டெர்மினலையும் மூடிவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. நம் இயக்கத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார், மென்பொருள் வேலை, அன்றைக்கு இரவு ஷிப்ட். புலனத்தில் அழைத்தேன்.

"அண்ணா, எல்லாம் போச்சுண்ணா. இப்ப 'கிட் ஜிசி' போட்டுப் பார்க்கவா? இன்னொரு இடத்துல அப்படித்தான் எழுதியிருக்கு..."

"டேய் தம்பி, முதல்ல கீபோர்டுல இருந்து கையை எடு. அதைப் போட்டா மீட்க வேண்டியதையும் சேர்த்து அள்ளிக் கொட்டிடுவ. கமிட் பண்ணியிருந்தாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

இந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தின் சாவி.

கிட் எப்படி ஞாபகம் வைக்கிறது?

கிட்டை 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். லினக்ஸ் கெர்னல் குழுவினர் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் வாய்ப்பு போனதால், சொந்தமாகவே ஒன்றைச் செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையிலிருந்து அதைப் பராமரித்து வருபவர் ஜூனியோ ஹமானோ. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் வேலையைச் சேர்க்கும் கருவி என்பதால், எதையும் அவசரப்பட்டு அழிக்கக் கூடாது என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

நீங்கள் ஒரு கோப்பை 'ஆட்' செய்தவுடனே, கிட் அதன் உள்ளடக்கத்தை '.கிட்' என்ற மறைவான கோப்புறைக்குள் ஒரு பொருளாகச் சேமித்துவிடுகிறது. அதற்குப் பெயர் பிளாப். உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு, 40 எழுத்து கொண்ட ஓர் அடையாளத்தை அதற்குக் கொடுக்கிறது. இதுதான் ஹாஷ். கோப்பில் ஒரு கமா மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். 'கமிட்' செய்யும்போது, அந்த நேரத்தில் எந்தக் கோப்பு எந்த நிலையில் இருந்தது, யார் செய்தது, அதற்கு முந்தைய கமிட் எது என்பதையெல்லாம் சேர்த்து இன்னொரு பொருள் உருவாகிறது.

அப்படியானால் கிளை என்பது என்ன? நாம் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்கிறோம். வழக்கமாக அது 41 பைட் அளவுள்ள ஒரு குட்டிக் கோப்பு. உள்ளே கடைசிக் கமிட்டின் ஹாஷும் ஒரு வரி முடிவும் மட்டுமே இருக்கும்.

கோயில் அன்னதானக் கூடத்தில் அண்டாக்கள் மேல் 'சாம்பார்', 'ரசம்' என்று சீட்டு ஒட்டி வைப்போம் இல்லையா? சீட்டைக் கிழித்தால் அண்டா காணாமல் போகாது. எது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாமல் போகும். கிளையை அழிப்பது அந்தச் சீட்டைக் கிழிப்பதுதான்.

சரி, சீட்டு இல்லாத அண்டாவை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு 'ரிஃப்லாக்' இருக்கிறது. நீங்கள் எப்போது கமிட் செய்தீர்கள், எந்தக் கிளைக்குத் தாவினீர்கள், எப்போது ரீசெட் செய்தீர்கள் என்று ஒவ்வோர் அசைவையும் கிட் உங்களுக்குத் தெரியாமலே குறித்து வைக்கிறது. சித்திரகுப்தன் கணக்கு மாதிரி. நாம் மறந்தாலும் ஏட்டில் இருக்கும்.

ஆனால் இந்தச் சித்திரகுப்தனுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, இந்த ஏடு உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும். புஷ் செய்தாலும் போகாது, குளோன் செய்தாலும் வராது. இரண்டு, அது நிரந்தரம் இல்லை. சாதாரணக் குறிப்புகள் 90 நாள். எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாமல் போன கமிட்டுகளின் குறிப்புகள் 30 நாள். யாரும் அமைப்பை மாற்றாதவரை இதுதான் கணக்கு.

மீட்பது: மூன்று நிலை

முதல் நிலை: கமிட் செய்தது. இதுதான் சுலபம். 'கிட் ரிஃப்லாக்' என்று அடியுங்கள். புதிய அசைவு மேலே, பழையது கீழே என்று பட்டியல் வரும். எங்கள் பட்டியலில், தோழியின் கிளையிலிருந்து மெயினுக்குத் தாவியதாக ஒரு வரி இருந்தது. இங்கே பலரும் வழுக்கி விழுகிறார்கள். அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஹாஷ், தாவிச் சேர்ந்த இடமான மெயினுடையது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் கீழே உள்ள வரி. அதுதான் தாவுவதற்கு முன்பு, தோழியின் கிளையில் நடந்த கடைசி அசைவு.

அந்த ஹாஷை எடுத்து, 'கிட் பிராஞ்ச் மீட்பு' என்று அடித்து, பக்கத்தில் ஒட்டினேன். 'மீட்பு' என்பது நான் வைத்த புதுக் கிளையின் பெயர். 'கிட் லாக் மீட்பு' என்று பார்த்தால், 11 கமிட்டும் வரிசையாக நின்றன. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

இங்கே அண்ணன் சொன்ன ஒரு விதி: மீட்கும்போது ரீசெட் செய்யாதே, புதுக் கிளை போடு. புதுக் கிளை போட்டால் எதுவும் நகராது. தப்பான ஹாஷை எடுத்துவிட்டாலும் பாதகமில்லை, இன்னொரு கிளை போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் நிலை: ஆட் செய்தது, ஆனால் கமிட் செய்யாதது. தோழி திருத்த அட்டவணை ஒன்றைப் புதிதாகச் செய்து, ஆட் செய்து, கமிட் பண்ணுவதற்குள் சாப்பிடப் போயிருந்தார். ரிஃப்லாகில் இது தெரியாது, ஏனென்றால் அது கமிட் இல்லை. ஆனால் ஆட் செய்தவுடனே பிளாப் உருவாகிவிட்டது என்று மேலே பார்த்தோம். அந்த அனாதைப் பிளாப்புகளைத் தேடத்தான் 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்'. கிடைத்ததையெல்லாம் '.கிட்' கோப்புறைக்குள் 'லாஸ்ட்-ஃபவுண்ட்' என்ற இடத்தில் போட்டு வைக்கும்.

ஒரு சிரமம். பிளாப்பில் உள்ளடக்கம் மட்டும்தான் உண்டு, கோப்பின் பெயர் இருக்காது. எல்லாம் ஹாஷ் பெயரில் கிடக்கும். எனக்கு 14 கிடைத்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பழைய வரைவு, பாதிக் குறிப்பு, யாரோ தப்பாக ஆட் செய்தது... ஒன்பதாவதில் அட்டவணை இருந்தது.

அண்ணன் என் கையைத் தடுத்தது இதற்காகத்தான். நான் போடவிருந்த கட்டளை 'கிட் ஜிசி --புரூன்=நௌ'. ரிஃப்லாக் பிடித்து வைத்திருந்ததால் கமிட்டுகள் தப்பியிருக்கும். ஆனால் இந்த அட்டவணையை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. அது அந்த நொடியே போயிருக்கும்.

மூன்றாம் நிலை: கிட்டுக்கே சொல்லாதது. நான்காம் நாள் மாலை எடுத்த அளவுகளைத் தோழி ஒரு சாதாரண உரைக் கோப்பில் தட்டி வைத்திருந்தார். ஆட் செய்யவில்லை. 'கிட் கிளீன்' அதை நேராக அழித்துவிட்டது. அது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. கிட் பார்க்காத ஒன்றைக் கிட்டால் திருப்பித் தர முடியாது. விஎஸ் கோடு எடிட்டரில் சேமித்த கோப்பாக இருந்தால் அதன் டைம்லைன் பகுதியில் பழைய பிரதி இருக்க வாய்ப்புண்டு. தோழி எழுதியது வேறு செயலியில். போனது போனதுதான்.

வேறு சில சந்தர்ப்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாஷ் ஒன்றைத் தவறி டிராப் செய்துவிட்டால், திரையில் அதன் ஹாஷ் காட்டப்பட்டிருக்கும். 'கிட் ஸ்டாஷ் அப்ளை' என்று அடித்து அந்த ஹாஷைக் கொடுத்தால் வந்துவிடும். டெர்மினலை மூடியிருந்தால் எஃப்எஸ்சிகேயில் தேடலாம், ஸ்டாஷும் ஒரு கமிட்தான். யாராவது ஃபோர்ஸ் புஷ் செய்து சர்வரில் இருந்ததை மேலெழுதிவிட்டால் பதற வேண்டாம், கடைசியாக ஃபெட்ச் அல்லது புல் செய்த நண்பரின் கணினியில் பழைய கமிட்டுகள் இருக்கும். ஒரே ஒரு கோப்பை மட்டும் தவறாக அழித்திருந்தால் 'கிட் ரெஸ்டோர்' போதும். இது 2019-இல் வந்த 2.23 பதிப்பு முதல் உண்டு.

கூட்டுவது: வரிசை முக்கியம்

குப்பையைக் கூட்டவே கூடாது என்று சொல்லவில்லை. 19 கிளை கிடந்தால் புதிதாக வருபவருக்கு எது உயிரோடு இருக்கிறது என்றே தெரியாது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு போகிக்கும் அம்மா அலமாரியைக் காலி செய்வார். ஆனால் எதையும் நேராகக் குப்பைப் பையில் போட மாட்டார். தரையில் பரப்பி வைத்து, "இது யாருது? வேணுமா வேணாமா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது புரிகிறது. கிட்டிலும் வரிசை அதேதான்.

முதலில், '.கிட்' உட்பட முழுக் கோப்புறையையும் வேறு இடத்தில் ஒரு பிரதி எடுங்கள். ஒரு விரலி போதும்.

இரண்டாவது, 'கிட் ஸ்டேட்டஸ்'. கமிட் ஆகாதது, கிட்டுக்குத் தெரியாதது எல்லாம் இங்கே தெரிந்துவிடும். நான் இதை மட்டும் அடித்திருந்தால், தோழியின் இரண்டு கோப்புகளும் கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாவது, 'கிட் கிளீன் -என்'. இது எதையும் அழிக்காது. எதை அழிக்கப் போகிறது என்று காட்ட மட்டும் செய்யும். அம்மா தரையில் பரப்பி வைப்பது இதுதான். பட்டியலைப் படித்த பிறகுதான் '-எஃப்'.

நான்காவது, 'கிட் பிராஞ்ச் --மெர்ஜ்ட்'. நீங்கள் நிற்கும் கிளையோடு ஏற்கெனவே இணைந்துவிட்ட கிளைகளை மட்டும் காட்டும். மெயினில் நின்றுகொண்டு இதை அடியுங்கள். வருகிறவற்றை சின்ன 'டி' போட்டு நிம்மதியாக நீக்கலாம். சின்ன 'டி' மறுத்தால் நிறுத்துங்கள். கிட்ஹப்பில் 'ஸ்குவாஷ்' முறையில் இணைத்த கிளைகளுக்கும் இது மறுக்கும், ஏனென்றால் கமிட்டுகள் வேறு ஹாஷோடு மெயினுக்குள் போயிருக்கும். ஆகவே மறுப்பு வந்தால் 'கிட் லாக்' போட்டு என்ன இருக்கிறது என்று பாருங்கள், அது யாருடைய கிளையோ அவரைக் கேளுங்கள். பெரிய 'டி' அதற்குப் பிறகுதான்.

ஐந்தாவது, 'கிட் ஃபெட்ச் --புரூன்'. சர்வரில் நீக்கப்பட்ட கிளைகளின் நிழல் உங்கள் கணினியில் தங்கியிருக்கும். இது அந்த நிழலை மட்டும் துடைக்கும். நீங்கள் உருவாக்கிய சொந்தக் கிளைகளைத் தொடாது.

ஆறாவது, ஜிசி-யை அதன் போக்கில் விடுங்கள். தனித்தனிப் பொருள்கள் சுமார் 6,700-ஐத் தாண்டினால் கிட் தானாகவே அடுக்கி வைக்கும். அனாதைப் பொருள்களுக்கும் இரண்டு வாரம் தவணை கொடுக்கிறது. அந்த இரண்டு வாரம் நமக்காகத்தான். '--புரூன்=நௌ' போட்டால் அந்தத் தவணையை நாமே ரத்து செய்கிறோம்.

பெரிய கோப்பும் ரகசியமும்

எங்கள் ரெப்போ கனமாக இருந்ததற்குக் காரணம் கிளைகள் இல்லை. கிளை வெறும் சீட்டுதானே. எங்களில் ஒருவர் (சரி, நான்தான்) 80 எம்பி செயல்விளக்கக் காணொளியைக் கமிட் செய்திருந்தேன். கிட்ஹப் 50 எம்பிக்கு மேல் போனால் எச்சரிக்கும், 100 எம்பிக்கு மேல் போனால் ஏற்காது. எச்சரிக்கையை நான் படிக்கவில்லை. பிறகு அழித்துக் கமிட் செய்தேன், அளவு குறையவில்லை. ஏனென்றால் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. எவ்வளவு இடம் போகிறது என்று பார்க்க 'கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் -விஎச்' அடியுங்கள்.

வரலாற்றிலிருந்தே நீக்க 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற தனிக் கருவி உண்டு. ஆனால் அந்தக் கமிட் முதல் அதன் பின் வந்த எல்லா ஹாஷும் மாறிவிடும், ஃபோர்ஸ் புஷ் செய்ய வேண்டும், குழுவில் எல்லாரும் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும். எல்லாரும் சம்மதித்து, ஒரு நாள் குறித்துச் செய்கிற வேலை. காட்சி நாளுக்கு முந்தின இரவில் தொடாதீர்கள். அதைவிட நல்லது, முதல் நாளிலேயே '.கிட்இக்னோர்' கோப்பை எழுதிவிடுவது. ஏற்கெனவே தவறி உள்ளே வந்ததை, கணினியில் வைத்துக்கொண்டே கிட்டிலிருந்து மட்டும் விலக்க 'கிட் ஆர்எம் --கேஷ்ட்' உதவும்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி மாதிரி எதையாவது புஷ் செய்துவிட்டால், முதல் வேலை அந்தச் சாவியை மாற்றுவது. வரலாற்றைத் துடைப்பது அதற்குப் பிறகு. யாராவது ஏற்கெனவே பிரதி எடுத்திருந்தால், நீங்கள் துடைப்பது அவருக்குத் தெரியாது.

காலை ஏழு மணி

மீட்டது எல்லாவற்றையும் புஷ் செய்துவிட்டு, விடிந்ததும் தோழியை அழைத்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியதும் உண்மை. 11 கமிட் இருக்கு, அட்டவணை இருக்கு, நான்காம் நாள் அளவு எங்கே என்று கேட்டால் 'தெரியல' என்று சொல்லிவிடலாம். ஆனால் சித்திரகுப்தன் ஏட்டைப் படித்து முடித்த கையோடு அந்தப் பொய் வரவில்லை.

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார், "ரீடிங் போனா போகுது. மழையில நின்னு எடுத்தது நான்தானே, மறுபடி எடுத்துக்கலாம். ஆனா என் கிளையை வெட்டுறதுக்கு முன்னாடி என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மூன்று நாள் அளவுகளோடு காட்சிக்குப் போனோம். நான்காம் நாள் ஏன் இல்லை என்று விரிவுரையாளர் கேட்டபோது நான் எழுந்து பதில் சொன்னேன். அடுத்த வாரம் அந்த மாலை அளவை எடுக்க வாய்க்கால் ஓரத்தில் நின்றது நான். தோழி குடை பிடித்துக்கொண்டு எழுதினார்.

செய்து பார்க்க

இதைப் படித்ததோடு விடாதீர்கள். அடுத்த இளைஞர் வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து செய்து பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

1. வெறும் கோப்புறையில் 'கிட் இனிட்' போட்டு, மெயினில் ஒரு கமிட் செய்யுங்கள். புதுக் கிளையில் மூன்று கமிட் செய்யுங்கள். மெயினுக்குத் திரும்பி, அந்தக் கிளையைப் பெரிய 'டி' போட்டு வெட்டுங்கள். ரிஃப்லாக் வழியாக மீட்டுக் காட்டுங்கள்.
2. ஒரு புதுக் கோப்பை ஆட் மட்டும் செய்து, 'ரீசெட் --ஹார்ட்' போடுங்கள். எஃப்எஸ்சிகே மூலம் அதைக் கண்டுபிடியுங்கள்.
3. ஆட் செய்யாத ஒரு கோப்பை வைத்து 'கிளீன் -என்' போடுங்கள், பிறகு '-எஃப்' போடுங்கள். அதை மீட்க முயலுங்கள். முடியாது என்பதைக் கையால் உணருங்கள்.
4. உங்கள் குழு ரெப்போவைத் திறந்து கிளைகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது யாருடையது என்று எழுதுங்கள். பெயர் தெரியாத கிளையை இன்றைக்குத் தொட வேண்டாம்.